எது எங்க ஊர் டீம்?

மழை விட்டும் ஈரம் காயாத அகமதாபாத் மைதானம். 2023 மே 30, அதிகாலை ஒன்றரை மணி. ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய ஐ.பி.எல் இறுதிப்போட்டி மழையால் திங்களுக்குத் தள்ளிப்போய், திங்களும் நனைந்து, செவ்வாய் பிறந்துவிட்டது. சென்னைக்கு 2 பந்துகளில் 10 ரன் தேவை. அந்த ஓவரின் முதல் நான்கு பந்துகளில் மோகித் சர்மா கொடுத்தது மூன்றே ரன். ஐந்தாவது பந்தை நேராகத் தூக்கி அடித்தார் ரவீந்திர ஜடேஜா, சிக்ஸர். கடைசிப் பந்து காலுக்கு வந்தது. ஃபைன் லெக் பக்கம் தட்டிவிட்டார், பவுண்டரி. ஓடி வந்தவரை அப்படியே இடுப்போடு அள்ளித் தூக்கினார் தோனி.

புதுச்சேரியில் முத்தியால்பேட்டையும் முதலியார்பேட்டையும் அந்த நேரத்தில் தூங்கவில்லை. டி.வி வெளிச்சம் தெரிந்த ஜன்னல்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. வெடிச்சத்தம் கேட்டது. கோப்பை நம்ம வீட்டுக்கே வந்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

அன்றைய ஸ்கோர் கார்டை இப்போது எடுத்துப் பாருங்கள். சென்னைக்காகக் களம் இறங்கியவர்களில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை. எதிரணியான குஜராத்துக்காக 47 பந்துகளில் 96 ரன் விளாசியவர் சாய் சுதர்சன், சென்னைப் பையன். அவர் எப்போது அவுட் ஆவார் என்று தமிழ்நாடும் புதுவையும் சேர்ந்து வேண்டிக்கொண்டிருந்தன. கடைசியில் குஜராத்தை வீழ்த்தியவர் யார்? குஜராத்தின் ஜாம்நகரில் வளர்ந்த ஜடேஜா.

அதில் தப்பொன்றும் இல்லை. மஞ்சள் சட்டை போட்டால் எவரும் நம்ம ஆள்தான். 2024 ஏப்ரலில் அதே ஜடேஜாவுக்கு ‘கிரிக்கெட் தளபதி’ என்று பட்டமே கொடுத்தது சென்னை அணி. 2025 நவம்பர் 15 அன்று ஓர் அறிவிப்பு வந்தது. ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, அங்கிருந்து சஞ்சு சாம்சன் சென்னைக்கு. தளபதி கைமாறிவிட்டார்.

புதுவை காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நடைபாதையோரம் ஜெர்சிகளைக் குவித்து விற்பார்கள். குவியலில் கைவிட்டால் பத்துக்கு ஏழு மஞ்சளாகத்தான் வரும். முதுகில் 7 என்றால் தோனி, 8 என்றால் ஜடேஜா. அந்த 8 போட்ட சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு தெருவில் பந்து போடும் பத்து வயதுப் பையனுக்கு, ‘வர்த்தகப் பரிமாற்றம்’ என்றால் என்னவென்று யார் எடுத்துச் சொல்வது? அவன் இனி அந்தச் சட்டையைப் போடலாமா, கூடாதா? ஜடேஜா பக்கமா, சென்னை பக்கமா?

பிரான்சைஸ் லீக்குகள் ரசிகனை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன என்பதை அந்தப் பையனின் சட்டையிலேயே பார்த்துவிடலாம்.

ஏலத்தில் பிறந்த பாசம்

கதையின் ஆரம்பம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2008-ல் 9.1 கோடி டாலருக்குச் சென்னை அணியை வாங்கியது இந்தியா சிமெண்ட்ஸ். முதல் ஏலத்திலேயே 15 லட்சம் டாலருக்கு ராஞ்சிக்காரரான தோனி வந்தார். அதுவரை இங்கே கிரிக்கெட் பாசம் என்றால் இந்திய அணி. அதற்குக் கீழே, கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்கு, தமிழ்நாடு ரஞ்சி அணி. நடுவில் புதிதாக ஒன்று முளைத்து, இரண்டையும் ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

இதை வெறும் வியாபாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2015-ல் லோதா கமிட்டி சென்னை, ராஜஸ்தான் அணிகளுக்கு இரண்டு ஆண்டு தடை விதித்தது. வேறு எந்தப் பொருளாக இருந்தாலும் இரண்டு வருஷம் கடையில் இல்லையென்றால் மக்கள் மறந்துபோவார்கள். சென்னை ரசிகர்கள் மறக்கவில்லை. 2018-ல் அணி திரும்பி வந்தபோது காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம்தான் நடந்தது. மிச்ச ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. சென்னையிலிருந்து ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்று தனி ரயிலில் ஏறக்குறைய ஆயிரம் பேர் புனேவரை போய் விசிலடித்துவிட்டு வந்தார்கள். அந்தப் பாசத்தை எந்த விளம்பரக் கம்பெனியும் உண்டாக்கவில்லை. ரசிகர்களே சேர்ந்து பத்து வருஷமாகக் கட்டியது அது.

ஆனால் கட்டியவர்களுக்கு அதில் எந்த உரிமையும் இல்லை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

■ பெட்டிச் செய்தி: வந்தார்கள், போனார்கள்

டெக்கான் சார்ஜர்ஸ் – 2009-ல் சாம்பியன். 2012-ல் உரிமம் ரத்து. அந்த இடத்துக்கு சன் டி.வி குழுமத்தின் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் வந்தது.

கொச்சி டஸ்கர்ஸ் கேரளா – 2011-ல் ஒரே ஒரு சீசன்.

புனே வாரியர்ஸ் – 2011 முதல் 2013 வரை.

ரைசிங் புனே, குஜராத் லயன்ஸ் – சென்னை, ராஜஸ்தான் தடைக்காலத்தில் 2016, 2017 மட்டும். தோனி புனேவுக்கும் ஜடேஜா குஜராத்துக்கும் ஆடினார்கள்.

2021-ல் லக்னோ அணி ஏலம் போனது 7,090 கோடி ரூபாய்க்கு, அகமதாபாத் அணி 5,625 கோடிக்கு.

2023–27 ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை: 48,390 கோடி ரூபாய்.

மூன்று பக்கம் பிரிந்த புதுவை

புதுச்சேரிக்கு ஐ.பி.எல் அணி கிடையாது. கிரிக்கெட்டும் இங்கே கொஞ்சம் தாமதமாக வந்த விருந்தாளிதான். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறும் வரை பிரெஞ்சுக்காரர் ஊர் இது. கால்பந்துதான் இங்கே வேர் பிடித்தது. இரும்புக் குண்டுகளை உருட்டி ஆடும் பெத்தாங்கை இன்றைக்கும் சாயங்கால வேளைகளில் பெரியவர்கள் ஆடுவதைப் பார்க்கலாம். கிரிக்கெட்டில் இந்த ஊருக்கென்று ரஞ்சி அணி அமைந்ததே 2018-ல்தான்.

ஆகவே புதுவை நகரமும் காரைக்காலும் மஞ்சளுக்குப் போனது இயல்பு. மேட்ச் நாள் மதியம் புதுவை பஸ் ஸ்டாண்டில் ஈ.சி.ஆர் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் மஞ்சள் தலைகள் தெரியும். 2025-ல் சேப்பாக்கத்தின் ஆகக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய். அதுவும் ஆன்லைனில் கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோகும். மேட்ச் முடிந்து, பஸ்ஸைப் பிடித்து, ஊர் வந்து சேரும்போது பால்காரர் புறப்பட்டிருப்பார். குடும்பத்தோடு போய்வந்தால் பலருக்கு ஒரு மாதச் சேமிப்பு காலி. அதற்கும் துணிந்துதான் போகிறார்கள்.

இதே யூனியன் பிரதேசத்தின் இன்னொரு துண்டான மாஹே, கேரளக் கடற்கரையில் இருக்கிறது. பக்கத்தில் பிறந்த கொச்சி அணி ஒரே வருஷத்தில் மறைந்தது. அதன்பின் மலையாளிகள் பலருக்கு அணி என்பதே சஞ்சு சாம்சன் இருக்கும் இடம்தான். ஆந்திராவுக்குள் இருக்கும் ஏனாமுக்குக் கிட்டத்திலுள்ள பெரிய அணி ஹைதராபாத். ஒரே சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடும் மக்கள், ஏப்ரல் வந்தால் மூன்று பக்கம் பிரிகிறார்கள். சாம்சன் மஞ்சளுக்கு மாறியதில் மாஹேவும் புதுவையும் ஒரே கட்சிக்கு வர ஒரு வழி பிறந்திருக்கிறது. அதுவும் அடுத்த பரிமாற்றம் வரைக்கும்தான்.

ஊர் பேர் வைத்தால் ஊர் டீமா?

2025 ஜூலையில் துத்திப்பட்டு மைதானத்தில் புதுச்சேரி பிரீமியர் லீக் நடந்தது. ஆறு அணிகள். ஸ்பான்சர் பெயர்களை எடுத்துவிட்டால் ஒயிட் டவுன் லெஜண்ட்ஸ், வில்லியனூர் கிங்ஸ், ஊசுடு வாரியர்ஸ், காரைக்கால் நைட்ஸ், மாஹே ஸ்ட்ரைக்கர்ஸ், ஏனாம் ராயல்ஸ். வில்லியனூர் என்று ஓர் அணியின் நெஞ்சில் எழுதியிருப்பதைப் பார்க்கும் வில்லியனூர்க்காரருக்கு மனசுக்குள் ஏதோ செய்யும். அது நல்ல விஷயம். கொரோனா காலத்தில் இதே மைதானத்தில் நடந்த டி20 தொடரில் அணிகளின் பெயர்கள் பாந்தர்ஸ், டைகர்ஸ், லயன்ஸ், புல்ஸ், ஷார்க்ஸ், பேட்ரியாட்ஸ். எந்த ஊருக்கும் சொந்தமில்லாத பெயர்கள். அதோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் எல்லா ஆட்டமும் நடந்தது துத்திப்பட்டில். மாஹேக்காரர் தன் ஊர் பெயரில் ஆடும் அணியை நேரில் பார்க்க சுமார் 600 கிலோமீட்டர் வர வேண்டும். ஏனாம்காரருக்கு ஏறக்குறைய 800. ஊரின் பெயர் சட்டையில் இருக்கிறது, அணியோ ஊருக்குள் கால் வைத்ததில்லை.

இலங்கையில் இந்தக் கதை இன்னும் கூர்மையானது. 2020-ல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக்கில் முதல் கோப்பையை வென்றது யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய ஜாஃப்னா ஸ்டாலியன்ஸ். போர் தின்ற ஊரின் பெயர் வெற்றியோடு சேர்ந்து ஒலித்ததில் உலகெங்கும் இருக்கும் தமிழர்களுக்கு ஏற்பட்ட பெருமிதம் நிஜம். மறு வருஷமே உரிமையாளர் மாறி, பெயர் ஜாஃப்னா கிங்ஸ் ஆனது. கோப்பைகள் தொடர்ந்தன. ஆட்டங்கள் அம்பாந்தோட்டையில், பல்லேகலையில், கொழும்பில், தம்புள்ளையில் நடந்தன. யாழ்ப்பாணத்தில் நடக்கவே இல்லை. அதே யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான ‘வடக்கின் பெரும்போர்’ 1904-ல் தொடங்கியது. அதில் யார் பக்கம் என்று எந்தப் பழைய மாணவரும் யோசித்து முடிவெடுப்பதில்லை. எந்தப் பள்ளியில் படித்தாரோ அந்தப் பக்கம். பள்ளிக்கூடத்தை ஏலம் விட முடியாது.

நம் பக்கத்துத் தமிழ்நாடு பிரீமியர் லீக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் முதல் கோப்பையைத் தூக்கியது தூத்துக்குடியின் டூட்டி பேட்ரியாட்ஸ். அந்த அணி பிறகு சேலத்துக்கு மாறி ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆகி, 2025-ல் கோப்பையும் வென்றது. திருவள்ளூர் வீரன்ஸ் காஞ்சிக்குப் போய், அங்கிருந்து நெல்லைக்குப் போய் ராயல் கிங்ஸ் ஆனது. இவற்றோடு சேர்த்து ஐந்தாறு வருஷத்துக்குள் எட்டில் நான்கு அணிகளுக்கு ஊர் மாறிவிட்டது. 2016-ல் தூத்துக்குடி வென்றதென்று துள்ளிய பையன் இப்போது கல்லூரிக்குப் போயிருப்பான். அவன் பக்கம் ஆட ஓர் அணி இல்லை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்டவரும் இல்லை.

டி.என்.பி.எல் செய்த நன்மையை மறைக்கக் கூடாது. சேலம் சின்னப்பம்பட்டியின் நடராஜன், வருண் சக்கரவர்த்தி, சாய் சுதர்சன் எல்லோரும் அந்த மேடையில் கண்ணில் பட்டுத்தான் மேலே போனார்கள். ஆட்டக்காரனுக்கு லீக் ஒரு வாசல். ரசிகனுக்கு அது என்ன கொடுத்தது என்பதுதான் நம் கேள்வி.

நம்ம விக்கெட்டுக்கு நாமே கைதட்டுவது

பாசம் ஊரைவிட்டுக் கிளம்பினால் எங்கே போய்த் தங்கும்? பெரும்பாலும் ஒரு மனிதர்மேல்.

சேப்பாக்கத்தில் கடந்த சில வருஷங்களாக நடப்பது கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நம்ப முடியாத காட்சி. சென்னையின் விக்கெட் விழுந்தால் அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. அடுத்து தோனி வருவார் என்பதால். 2023-ல் ஜடேஜாவே ஒரு பேட்டியில் சிரித்தபடி இதைச் சொன்னார். தான் முன்னதாக இறங்கினால், எப்போது அவுட் ஆவான் என்று ரசிகர்கள் காத்திருப்பார்கள் என்று. சொந்த மைதானத்தில் சொந்த ரசிகர்களுக்கு நடுவே ஆடும் ஒருவர் இப்படிச் சொல்ல நேர்ந்தது எனக்கு இன்றைக்கும் வருத்தம் தருகிறது.

இதன் மறுமுகம் 2024 மார்ச்சில் அகமதாபாத்திலும் பிறகு மும்பை வான்கடேயிலும் தெரிந்தது. மும்பை அணியில் ரோகித் சர்மாவின் இடத்தில் ஹர்திக் பாண்டியா கேப்டன் ஆக்கப்பட்டார். முடிவெடுத்தது நிர்வாகம். மாதக்கணக்கில் கூச்சலும் வசையும் வாங்கியவர் பாண்டியா. ரசிகனுக்கு நிர்வாகத்தைக் கேள்வி கேட்க ஒரு வழியும் இல்லாதபோது, கோபம் கைக்கெட்டிய ஆட்டக்காரன்மேல் பாய்கிறது.

2025 ஜூன் 4-ஐ மறக்க முடியுமா? பதினெட்டாவது சீசனில் முதல் கோப்பை வென்ற பெங்களூருவைப் பார்க்கத் திரண்ட கூட்டம் சின்னசாமி மைதான வாசலில் நெரிபட்டு 11 பேர் இறந்தார்கள். பாசத்தால் வந்தவர்கள். அவர்கள் எத்தனை பேர் வருவார்கள், எந்த வாசலில் நிற்பார்கள் என்பதைத் திட்டமிட வேண்டியவர்கள் திட்டமிடவில்லை. விளம்பரக் கணக்கில் ரசிகன் கோடிகளாக எண்ணப்படுகிறான். வாசலில் வந்து நின்றபோது தலை எண்ண ஆளில்லை.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் செல்போனுக்குள் நடந்தது. ஃபேன்டஸி ஆட்டம். 2020-ல் ஐ.பி.எல்லின் பிரதான ஸ்பான்சரே ட்ரீம்11. 50 ரூபாய் கட்டி நீங்களே பதினொரு பேரைத் தேர்வு செய்யலாம் என்று இருந்தது. எதிரணியின் பவுலரும் அதில் இருப்பார். அவர் சென்னையின் விக்கெட்டை எடுத்தால் உங்களுக்குப் புள்ளி. வாயில் ‘விசில் போடு’, விரலில் எதிரணி. ஒரே ஆளுக்குள் இரண்டு பேர். புதுவை டீக்கடைகளில் ஒரு காலத்தில் ‘நம்ம டீம் ஜெயிக்குமா’ என்று பேசினார்கள். பிறகு ‘என் டீம்ல அவன் இருக்கான்’ என்று பேச ஆரம்பித்தார்கள். ‘நம்ம’, ‘என்’ ஆனது. துத்திப்பட்டில் ஊர்ப் பெயரில்லாத அணிகள் ஆடிய அந்தத் தொடரை நேரலையில் முகம் தெரியாதவர்கள் பார்த்ததற்கும் இந்தப் புள்ளிக் கணக்குக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 2025 ஆகஸ்ட்டில் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பணப் போட்டிகள் நின்றன. பழகிய மனசு திரும்பக் கொஞ்ச காலம் ஆகும்.

யாரும் விற்க முடியாத அணி

2024 ஜனவரி. டெல்லி அருண் ஜேட்லி மைதானம். ஏழு முறை ரஞ்சி சாம்பியனான டெல்லியை 9 விக்கெட் வித்தியாசத்தில் வீழ்த்தியது புதுச்சேரி. முதல் இன்னிங்ஸில் கௌரவ் யாதவ் 7 விக்கெட். டெல்லி தன் கேப்டனையே மாற்றும் அளவுக்கு அதிர்ந்தது. நம் ஊரில் அன்று வெடி வெடித்ததா? நேரு வீதியில் ஒரு பேனர் உண்டா? இந்த யூனியன் பிரதேசத்தின் கிரிக்கெட்டில் அதைவிடப் பெரிய நாள் எனக்குத் தெரிந்து இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அந்தச் செய்தியே போய்ச் சேரவில்லை.

இதில் ரசிகனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 2018 செப்டம்பரில், அணி காலடி எடுத்து வைத்த உடனேயே, 8 வெளியூர் வீரர்களின் தகுதியை பி.சி.சி.ஐ திரும்பப் பெற்றது. அதன்பின்னும் அபிஷேக் நாயர், பங்கஜ் சிங், பரஸ் டோக்ரா, வினய் குமார் என்று பெரிய பெயர்கள் வந்து ஆடிவிட்டுப் போனார்கள். கௌரவ் யாதவும் மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தவர்தான். புது அணிக்கு அனுபவசாலிகள் தேவை, விதிமுறையும் மூன்று வெளியூர் வீரர்களை அனுமதிக்கிறது. ஆனால் லாஸ்பேட்டை, அரியாங்குப்பம், பாகூர் பையன்களின் பெயர் பட்டியலில் வரவில்லையென்றால், அந்த அணிக்காகத் தெரு ஏன் திரும்பிப் பார்க்கும்? பிரான்சைஸ் அணியில் ஊர்க்காரர் இல்லாவிட்டாலும் நட்சத்திரங்கள் இருக்கிறார்கள். ரஞ்சி அணிக்கு ஊரை விட்டால் வேறு பிடிமானம் இல்லை.

2025 டிசம்பர் ஏலத்தில் புதுச்சேரி கேப்டன் அமன் கானை 40 லட்சத்துக்கு எடுத்தது சென்னை. நம் அணியின் கேப்டன் மஞ்சளுக்குப் போகிறார் என்று கொண்டாடியிருக்க வேண்டிய செய்தி. மும்பையில் வளர்ந்தவர் அவர். ஊரில் பலருக்கு அவர்தான் நம் கேப்டன் என்பதே அந்த ஏலத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

■ பெட்டிச் செய்தி: ஊரை விடாத ரசிகர்கள்

லண்டனின் விம்பிள்டன் கால்பந்து அணியை மில்டன் கீன்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோக 2002-ல் அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் பின்னால் போகவில்லை. அதே ஆண்டு சொந்தமாக ஏ.எஃப்.சி விம்பிள்டனைத் தொடங்கினார்கள். அடிமட்ட லீக்கிலிருந்து ஏறி 2011-ல் தொழில்முறை லீக்குக்குள் வந்தது. 2020-ல் பழைய பேட்டைக்கே, ப்ளௌ லேன் வீதிக்கே, புது மைதானத்தோடு திரும்பியது.

ஜெர்மனியில் கால்பந்து கிளப்புகளின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி. சில விலக்குகள் உண்டு.

2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள் தனி சூப்பர் லீக் அறிவித்தன. ரசிகர்கள் தெருவில் இறங்கியதும் சில நாட்களுக்குள் திட்டம் சரிந்தது.

என்ன செய்யலாம்?

சென்னை அணியின் உரிமையாளர்களுக்கு இப்போது ஜோகன்னஸ்பர்க்கிலும் டெக்சஸிலும் சூப்பர் கிங்ஸ் உண்டு. மும்பை அணி நியூயார்க், கேப் டவுன் என்று விரிந்துவிட்டது. மஞ்சள் நிறம் ஊரிலிருந்து பிரிந்து ஒரு பிராண்டாகக் கடல் தாண்டிவிட்டது. அதைத் தடுக்கும் சக்தி நம்மிடம் இல்லை, தடுக்கவும் வேண்டாம். டெக்சஸில் வேலை பார்க்கும் புதுவைப் பையனுக்கு அது ஓர் ஆறுதல்.

கேட்க வேண்டியவை வேறு. ஓர் அணியை ஊர் மாற்றும் முன் அந்த ஊர் ரசிகர் மன்றங்களிடம் பேச வேண்டும் என்று டி.என்.பி.எல் விதியில் ஒரு வரி சேர்க்கலாம். ஒவ்வொரு ஐ.பி.எல் அணியும் தன் மாநிலத்து வீரர்கள் இத்தனை பேரையாவது பட்டியலில் வைத்திருக்க வேண்டும் என்று பி.சி.சி.ஐ யோசிக்கலாம். ஆரம்ப ஏலத்தில் வட்டார வீரர்களுக்கு இடம் ஒதுக்கும் ஏற்பாடு இருந்தது, அது கைவிடப்பட்டது. பத்தில் ஒரு பங்கு இருக்கையையாவது மாணவர்களும் கூலி வேலைக்காரர்களும் வாங்கக்கூடிய விலைக்கு விட்டால் கோடிகளில் புரளும் லீக் நொடிந்துவிடாது.

புதுவையில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. அடுத்த பிரீமியர் லீக்கில் இரண்டு ஆட்டத்தையாவது காரைக்காலில் வைக்கட்டும். புல்தரை சரியில்லை என்றால் பாய் விரித்த பிட்சில் காட்சி ஆட்டமாவது நடக்கட்டும். மாஹே அணி ஒரு வாரம் மாஹேயில் பயிற்சி முகாம் போடட்டும். பள்ளிப் பிள்ளைகள் வலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கட்டும். ஏனாமுக்கும் அப்படியே.

ரஞ்சி சீசன் வழக்கமாக அக்டோபரில் தொடங்கும். துத்திப்பட்டில் நான்கு நாள் ஆட்டம் இருக்கும் வாரத்தில் புதுவை பஸ் ஸ்டாண்டிலிருந்து காலை எட்டரைக்கு ஒரு பஸ், சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்ப ஒரு பஸ். ஆடப்போகும் பதினொரு பேரின் பெயரும் எந்தத் தெருக்காரர், எந்தப் பள்ளியில் படித்தவர் என்ற விவரமும் போட்டு ஒரு போஸ்டர், அவரவர் பேட்டையில். இதற்கு ஏலத் தொகை எதுவும் தேவையில்லை. கிரிக்கெட் சங்கமும் விளையாட்டுத் துறையும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் இந்த அக்டோபருக்கே நடக்கும்.